கொழுப்பைச் சேர்க்கும் செல், கொழுப்பை எரிக்கும் செல்: புரூஸ் ஸ்பீகல்மனின் ஆய்வுத் தடம்

எலிக் கருவிலிருந்து பெறப்பட்ட ஒரு வகைச் செல்களை ஆய்வகத் தட்டில் இட்டு வளர்த்தால், அவை முதலில் மெலிந்து நீண்ட, தனக்கென ஒரு தொழில் இல்லாத செல்களாகப் பரவுகின்றன. தட்டின் அடிப்பரப்பு நிரம்பி, செல்கள் பிரிவதை நிறுத்திய பிறகு, இன்சுலினும் வேறு சில வேதிப்பொருள்களும் கலந்த ஊட்டநீரை மாற்றி ஊற்றினால், சில நாள்களில் அவை உருண்டு திரள்கின்றன. உள்ளே கடுகைவிடப் பன்மடங்கு சிறிய எண்ணெய்த் துளிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. எண்ணெயில் மட்டுமே ஊறும் சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கழுவிவிட்டால், நுண்ணோக்கி இல்லாமலே தட்டு சிவந்து தெரியும். 3டி3-எல்1 என்று பெயரிடப்பட்ட இந்தச் செல்களை 1970களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கியவர் ஹோவர்ட் கிரீன். பிரின்ஸ்டனில் 1978இல் முனைவர் பட்டம் பெற்றுக் கிரீனின் ஆய்வகத்துக்கு வந்த புரூஸ் ஸ்பீகல்மன் தன் வாழ்நாள் கேள்வியை அந்தத் தட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். ஒரு செல்லைக் கொழுப்புச் செல்லாக மாறும்படி ஆணையிடுவது எது என்பதே அந்தக் கேள்வி.

1982 முதல் அவர் பணியாற்றிவரும் இடம் பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம். கொழுப்பை ஆராய்பவருக்குப் புற்றுநோய் நிறுவனத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் ஒரு செல் தன் அடையாளத்தை எப்படிப் பெறுகிறது, எப்படி இழக்கிறது என்பது புற்றுநோய் ஆய்வுக்கும் அடிப்படையான கேள்விதான். ஸ்பீகல்மனின் பணியை 'கொழுப்பைக் கரைக்கும் வழியைத் தேடும் ஆய்வு' என்று சுருக்கும் செய்திகள் இந்த இடத்தைத் தவறவிட்டுவிடுகின்றன. அவர் தேடியது உடல் எடையைக் குறைக்கும் வழியை அன்று. ஒரு செல் எவ்வகைக் கொழுப்புச் செல்லாக ஆகிறது, அதற்குள் எரிபொருளை எரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் எத்தனை உருவாகின்றன, அவை எரிபொருளை வேலைக்குரிய ஆற்றலாக மாற்றுகின்றனவா அல்லது வெப்பமாக விட்டுவிடுகின்றனவா என்பதையே அவர் மூலக்கூறு மூலக்கூறாகத் தொடர்ந்து சென்றார். கொழுப்பின் அளவைப் போலவே அதை வைத்திருக்கும் செல்லின் இயல்பும் நோயைத் தீர்மானிக்கிறது என்ற இன்றைய புரிதலில் பெரும்பங்கு இந்தத் தேடலிலிருந்து வந்தது.

கொழுப்புத் திசுவை வெறும் கிடங்காகக் கருதியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. உடலில் கொழுப்பைச் சேமித்துவைக்கும் வழக்கமான வகையான வெண்கொழுப்புச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளிதான் கண்ணில் படும். உட்கருவும் மற்ற உறுப்புகளும் மெல்லிய விளிம்பாக ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். இத்தகைய திசு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. இவ்வளவு குறைந்த எடையில் இவ்வளவு ஆற்றலைச் சேமிக்க உடலிடம் வேறு வழி இல்லை. இந்தச் செல்கள் ஒருமுறை தோன்றி அப்படியே கிடப்பவையும் அல்ல. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கூடிய கதிரியக்கக் கார்பன், மனிதச் செல்களின் டிஎன்ஏவில் எவ்வளவு பதிந்திருக்கிறது என்பதை அளந்து, சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008இல் கொழுப்புச் செல்களின் வயதைக் கணித்தனர். வளர்ந்த மனிதரின் கொழுப்புச் செல்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இறந்து புதிதாகப் பிறக்கிறது என்றும், எடை குறைந்தாலும் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ மாறுவதில்லை என்றும் அதில் தெரியவந்தது. உடல் இளைக்கும்போது செல்கள் சுருங்குகின்றனவே தவிர மறைவதில்லை.

கிடங்கு என்ற கருத்தில் முதல் விரிசல் 1987இல் விழுந்தது. கொழுப்புச் செல்கள் அடிப்சின் என்ற புரதத்தைத் தயாரித்து இரத்தத்தில் விடுகின்றன என்று ஸ்பீகல்மனின் குழு காட்டியது. 1993இல் வந்த கண்டுபிடிப்பு இன்னும் கனமானது. பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கிறது என்றும், அப்புரதத்தை முடக்கினால் எலிகளின் உடல் இன்சுலினுக்கு முன்னைவிட நன்றாக இணங்குகிறது என்றும் கோக்கன் ஹோட்டமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும் அறிவித்தனர். உடற்பருமனையும் நீரிழிவையும் இணைக்கும் கண்ணிகளில் ஒன்று அழற்சி என்ற கருத்துக்கு இது தொடக்கமாயிற்று. அடுத்த ஆண்டில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, கொழுப்புச் செல்கள் சுரந்து பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டினைக் கண்டுபிடித்த பிறகு, கொழுப்புத் திசுவை நாளமில்லாச் சுரப்பிகளில் ஒன்றாக எண்ணுவதற்கு யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

தட்டில் எழுந்த கேள்விக்கும் 1994இல் விடை கிடைத்தது. பிபிஏஆர் காமா என்ற புரதம், டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, கொழுப்புச் செல்லுக்குத் தேவையான மரபணுக்களை இயக்குகிறது. கொழுப்போடு தொடர்பே இல்லாத இணைப்புத் திசுச் செல்லுக்குள் இதை மட்டும் செலுத்தி, இதைத் தூண்டும் பொருளையும் கொடுத்தால், அந்தச் செல் கொழுப்புச் செல்லாகிவிடுகிறது. இதற்கு மறு ஆண்டே ஓர் எதிர்பாராத செய்தி வந்தது. இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்டு, எதன் வழியாக வேலை செய்கின்றன என்று தெரியாமலிருந்த கிளிட்டசோன் வகை மருந்துகள், இந்தப் பிபிஏஆர் காமாவில்தான் போய் ஒட்டுகின்றன. அதாவது, கொழுப்புச் செல்களைப் பெருக்கும் மருந்து நீரிழிவைத் தணிக்கிறது. நோயாளியின் எடை சற்றுக் கூடுகிறது, சர்க்கரையோ இறங்குகிறது. இந்த மருந்துகளின் பிற்கால வரலாறு அவ்வளவு இனிமையானதன்று. டிராகிளிட்டசோன் கல்லீரலைக் கெடுத்ததால் 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ரோசிகிளிட்டசோன் இதய நோய் அச்சத்தில் சிக்கியது. பயோகிளிட்டசோன் மட்டும் பல நாடுகளில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

எடை கூடியும் சர்க்கரை இறங்குவது ஏன் என்பதைப் பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாதவர்களைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். அரிதான இக்குறைபாடு உள்ளவர்கள் மிக மெலிந்தவர்களாக, தசைநார்கள் புடைத்துத் தெரியும்படி இருப்பார்கள். ஆனால் கடுமையான நீரிழிவும், கொழுப்பு அடைத்து வீங்கிய கல்லீரலும் அவர்களைத் துன்புறுத்தும். தங்க இடமில்லாத கொழுப்பு, தங்கக் கூடாத கல்லீரலிலும் தசையிலும் போய்த் தங்குவதால் வரும் கேடு இது. கொழுப்பற்ற எலிகளுக்கு ஆரோக்கியமான எலியின் கொழுப்புத் திசுவைப் பதித்தபோது அவற்றின் நீரிழிவு நீங்கியதை 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆக, நன்றாக இயங்கும் கொழுப்புச் செல் மற்ற உறுப்புகளைக் காக்கும் அரண்.

நன்றாக இயங்குவது என்றால் என்ன என்று கேட்கும்போதுதான் மைட்டோகாண்ட்ரியா, அதாவது இழைமணி, பேச்சுக்குள் வருகிறது. உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்களைப் படிப்படியாக ஆக்சிஜனிடம் ஒப்படைப்பது மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. அப்படி ஒப்படைக்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு, அதன் உள்சவ்வில் உள்ள புரதங்கள் புரோட்டான்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறைக்கின்றன. இதனால் சவ்வின் இருபுறமும் ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. ஏரியில் தேக்கிய நீர் மதகு வழியே பாய்ந்து பயிராவது போல, தேங்கிய புரோட்டான்கள் ஏடிபி தயாரிக்கும் நொதியின் வழியே திரும்பி வந்து, செல்லின் செலவாணியான ஏடிபியை உண்டாக்குகின்றன. 1961இல் இந்த விளக்கத்தை பீட்டர் மிட்செல் முன்வைத்தபோது உயிர்வேதியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. கார்ன்வாலில் பழுதடைந்து கிடந்த ஒரு பெரிய வீட்டைச் செப்பனிட்டு, அதையே ஆய்வகமாக்கிக்கொண்டு அவர் தொடர்ந்து வாதாடினார். 1978இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

தேங்கிய நீர் மதகைத் தவிர்த்து வேறு வழியில் வெளியேறினால் என்ன ஆகும்? எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும், ஏடிபி உருவாகாது, ஆற்றல் முழுவதும் வெப்பமாகிவிடும். மிட்செலின் கோட்பாட்டுக்கு முன்பே மனித உடல் இதற்கு ஒரு கொடிய சான்றைத் தந்திருந்தது. டைநைட்ரோஃபீனால் என்ற மஞ்சள் நிற வேதிப்பொருள், முதல் உலகப் போர்க்காலத்தில் பிரெஞ்சு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பயன்பட்டது. அதைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்து, இளைத்து, சிலர் காய்ச்சலில் மாண்டனர். 1933இல் ஸ்டான்ஃபோர்டின் வின்ட்சர் கட்டிங்கும் மாரிஸ் டெயின்டரும் இதை எடை குறைக்கும் மருந்தாக அறிமுகம் செய்தனர். சிறிது காலத்துக்குள் ஒரு லட்சம் பேர் அளவுக்கு உட்கொண்டிருப்பார்கள் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. எடை குறைந்தது உண்மைதான். ஆனால் பலருக்குக் கண்புரை வந்தது, அளவு சற்று மீறியவர்கள் உடல் கொதித்து இறந்தனர். அமெரிக்காவில் 1938இல் வந்த சட்டத்தோடு அதன் சட்டபூர்வமான விற்பனை முடிந்தது. ஆனாலும் இணையத்தில் கள்ளத்தனமாக விற்கப்பட்டு இன்றும் உயிர்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. இப்பொருளின் குற்றம் மைட்டோகாண்ட்ரியாவில் கசிவை உண்டாக்குவது மட்டுமன்று. எந்தத் திசு, எந்த நேரம், எவ்வளவு என்ற கணக்கு எதுவும் இல்லாமல் எல்லாச் செல்களிலும் கரையை உடைத்துவிடுவதே அதன் கொடுமை.

அதே கசிவை, கணக்கோடு, ஒரே ஒரு திசுவில் மட்டும் நிகழ்த்தும் ஏற்பாடு பாலூட்டிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. குளிர்காலத்தில் உறங்கும் மர்மோட் என்ற விலங்கின் தோள்பட்டைகளுக்கு நடுவே கொழுப்பும் அல்லாத, தசையும் அல்லாத ஒரு திசு இருப்பதை 1551இலேயே இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர் எழுதிவைத்தார். இதன் செல்லில் ஒரே பெரிய துளிக்குப் பதிலாகப் பல சிறு துளிகள் இருக்கும். அவற்றின் இடையிடையே மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் இரும்பு இருப்பதாலும் இரத்த நாளங்கள் மிகுந்திருப்பதாலும் திசுவே பழுப்பாகத் தெரிகிறது. நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள இயலாத பச்சிளங்குழந்தையைக் குளிரிலிருந்து காப்பது இந்தப் பழுப்புக் கொழுப்புதான். 1970களில் டேவிட் நிக்கல்ஸ் முதலியோர் செய்த ஆய்வுகளில், இதன் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் காணப்படும் ஒரு புரதம் புரோட்டான்களை ஏடிபி நொதிக்குப் புறம்பாக உள்ளே விடுவது தெரியவந்தது. யுசிபி-1 என்று இன்று அழைக்கப்படும் அப்புரதம், ஏரிக்கு வாய்த்த கலிங்கு போன்றது. ஆனால் நீர் நிரம்பியவுடன் தானாக வழியும் கலிங்கு அன்று, பலகை செருகி அடைக்கப்பட்ட கலிங்கு. குளிரை மூளை உணர்ந்ததும் நரம்பு முனைகள் நோர்அட்ரினலினைச் சுரக்கின்றன, செல் தன் துளிகளிலுள்ள கொழுப்பை உடைக்கிறது, அப்படி விடுபட்ட கொழுப்பு அமிலங்களே பலகையை அகற்றுகின்றன. எரிபொருளும் திறவுகோலும் ஒன்றாகவே இருப்பதால், எரிக்க ஏதுமில்லாதபோது கலிங்கு திறப்பதில்லை.

ஸ்பீகல்மன் பழுப்புக் கொழுப்புக்குள் நுழைந்தது பிபிஏஆர் காமாவின் வழியாகத்தான். ஒரே பிபிஏஆர் காமா வெண்கொழுப்பையும் உண்டாக்குகிறது, பழுப்புக் கொழுப்பையும் உண்டாக்குகிறது என்றால், வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பழுப்புச் செல்லில் பிபிஏஆர் காமாவோடு சேர்ந்து நிற்கும் புரதங்களைத் தேடியபோது, பேரே புய்க்செர்வெரும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் பிஜிசி-1 ஆல்ஃபாவைக் கண்டுபிடித்தனர். இது தானாக டிஎன்ஏவில் அமர்வதில்லை. அமர்ந்திருக்கும் புரதத்தின் தோளில் கை வைத்து அதன் வேகத்தைக் கூட்டும் துணைப் புரதம் இது. எலியை 4 பாகை குளிரில் வைத்தால் சில மணி நேரத்தில் பழுப்புக் கொழுப்பிலும் தசையிலும் இதன் அளவு எகிறுகிறது.

இதன் அருமையை உணர, மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு வீட்டுக் கணக்கு இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். மனித மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக 16,569 எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ உண்டு. அதிலுள்ள 37 மரபணுக்களில் 13 மட்டுமே புரதங்களுக்கு உரியவை. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களின் குறிப்புகள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. புதிய மைட்டோகாண்ட்ரியா உருவாக வேண்டுமானால் இரு பக்கத்து மரபணுக்களும் ஒரே தாளகதியில் இயங்க வேண்டும். 1999இல் ஸ்பீகல்மனின் குழு காட்டியது இதைத்தான்: பிஜிசி-1 ஆல்ஃபா கூடினால், உட்கருவின் மரபணுக்களும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைப் படியெடுக்கும் புரதமும் ஒருசேர முடுக்கப்பட்டு, செல்லில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. 2002இல் இதே புரதம், விரைவில் களைத்துப்போகும் வெளிர் தசைநார்களைக் களைப்படையாத செந்தசைநார்களாக மாற்றவல்லது என்பதும் தெரிந்தது. உடற்பயிற்சி தசையில் செய்யும் மாற்றத்துக்கு மூலக்கூறு அளவிலான ஒரு முகம் கிடைத்தது அப்போதுதான்.

அப்படியானால் பிஜிசி-1 ஆல்ஃபாவைக் கூட்டும் ஒரு மாத்திரை போதாதா? போதாது, அதற்கான காரணத்தையும் இதே குழுதான் கண்டது. பட்டினி கிடக்கும் எலியின் கல்லீரலில் பிஜிசி-1 ஆல்ஃபா ஏறும்போது, அது புதிய சர்க்கரையைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது என்று 2001இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. தசையில் நன்மை செய்யும் அதே புரதம், நீரிழிவு உள்ளவரின் கல்லீரலில் கூடினால் நெருப்பில் எண்ணெய் வார்த்த கதையாகும். டைநைட்ரோஃபீனால் கற்பித்த பாடமும் இதுவும் அடிப்படையில் ஒன்றே என்பது என் கருத்து. மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுவது கடினமன்று, எந்தத் திசுவில் தூண்டுகிறோம் என்பதைக் கட்டுப்படுத்துவதுதான் கடினம்.

பழுப்புச் செல்லின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் முதன்மைப் புரதத்தைத் தேடியதில் 2007இல் பாட்ரிக் சீல் பிஆர்டிஎம்-16ஐக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு வந்த முடிவுதான், இந்த நெடிய ஆய்வுத் தொடரில் எனக்கு மிக வியப்பூட்டுவது. பழுப்புக் கொழுப்பாக வேண்டிய இளஞ்செல்களிலிருந்து பிஆர்டிஎம்-16ஐ நீக்கிப் பார்த்தபோது, அவை வெண்கொழுப்பாக ஆகும் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவையோ தசைச் செல்களாகிவிட்டன. மாறாக, தசைக்குரிய இளஞ்செல்களில் பிஆர்டிஎம்-16ஐச் சேர்த்தபோது அவை பழுப்புக் கொழுப்பாயின. தோள்பட்டை இடையிலுள்ள பழுப்புக் கொழுப்புக்கு உடன்பிறப்பு தசையே அன்றி வெண்கொழுப்பன்று. பெயரளவில் ஒரே குடும்பம் என்று கருதப்பட்ட இரண்டும் கருவளர்ச்சியில் வெவ்வேறு கிளைகள். நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கெஸ்னர் கண்ணால் பார்த்து எழுதிய தயக்கம், மரபணு அளவிலும் பிழையாகவில்லை.

குளிரில் வைத்த எலியின் வெண்கொழுப்புக்குள்ளும் ஆங்காங்கே பழுப்புச் செல்களைப் போன்றவை தோன்றுவது முன்பே தெரிந்திருந்தது. 2012இல் ஸ்பீகல்மன் குழு இவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டி, பெய்ஜ் செல் என்ற பெயரை நிலைநிறுத்தியது. இவை தசைக் கிளையிலிருந்து வந்தவை அல்ல. சும்மா இருக்கும்போது இவற்றில் யுசிபி-1 மிகக் குறைவு, தூண்டினால் பழுப்புச் செல்லுக்கு நெருக்கமாக உயர்கிறது. வளர்ந்த மனிதரின் கழுத்துப் பகுதியில் எடுத்த மாதிரிகள் பெரும்பாலும் இந்த வகையை ஒத்திருந்தன என்று அக்குழு கூறியது. கழுத்தின் ஆழத்தில் அசல் பழுப்பு வகையும் உண்டு என்று பிறகு வேறு குழுக்கள் காட்டின. இந்த வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

வளர்ந்த மனிதரிடம் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது என்பதே அண்மைக்கால ஒப்புதல்தான். அது வெளிப்பட்ட விதத்தைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. புற்றுநோயைத் தேடும் பெட்-சிடி ஸ்கேனில், கதிரியக்கக் குறியிட்ட சர்க்கரையை எந்தத் திசு ஆவலாக எடுத்துக்கொள்கிறதோ அது ஒளிர்ந்து தெரியும். சிலருடைய படத்தில் கழுத்தின் இருபுறமும், காறையெலும்புக்கு மேலே, சமச்சீரான ஒளிப்பட்டைகள் விழுந்தன. கட்டியாக இருக்க முடியாத அளவுக்குச் சமச்சீராக இருந்ததால், அச்சத்தில் இறுகிய தசை என்று கருதி மருத்துவர்கள் ஒதுக்கினர். படத்தைக் கெடுக்கும் தொந்தரவாகவே அது பல ஆண்டுகள் நடத்தப்பட்டது. நோயாளியைப் போர்வை போர்த்திச் சூடாக வைத்தால் அது மறைந்துவிடும் என்பதும் தெரிந்திருந்தது. அந்தத் தொந்தரவே பழுப்புக் கொழுப்பு என்று 2009 ஏப்ரலில் ஒரே மருத்துவ இதழில் மூன்று குழுக்கள் அறிவித்தன. பாஸ்டன் குழு 1,972 நோயாளிகளின் படங்களைப் பார்த்து, பெண்களில் 7.5 சதவீதத்தினரிடமும் ஆண்களில் 3.1 சதவீதத்தினரிடமும் அதைக் கண்டது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு ஆண்கள் 24 பேரை 16 பாகை குளிரில் இருத்திப் படமெடுத்தபோது 23 பேரிடம் ஒளிர்ந்தது. இரு எண்களுக்கும் இடையிலுள்ள பாரதூரமான வேறுபாட்டுக்குக் காரணம் ஆள்களின் வேறுபாட்டை விட அறையின் வெப்பநிலை என்பதே பொருத்தமான விளக்கம். இருப்பது வேறு, விழித்திருப்பது வேறு.

இதே வெப்பநிலை விவகாரம் எலி ஆய்வுகளிலும் ஒரு பெரிய மயக்கத்தை உண்டாக்கியது. 1997இல் யுசிபி-1 மரபணு நீக்கப்பட்ட எலிகள் குளிரைத் தாங்கவில்லை, ஆனால் பருக்கவும் இல்லை. பழுப்புக் கொழுப்புக்கும் உடற்பருமனுக்கும் தொடர்பில்லை என்று பலர் முடிவுகட்டினர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்டாக்ஹோமில் பார்பரா கேனனும் யான் நெடர்கார்டும் அதே வகை எலிகளைச் சுமார் 30 பாகை வெப்பத்தில் வளர்த்தபோது அவை பருத்தன. மனிதருக்கு இதமான 20, 22 பாகை அறை, உரோமம் போர்த்திய அந்தச் சிற்றுயிருக்கு ஓயாத குளிர். யுசிபி-1 இல்லாத எலி அந்தக் குளிரில் வேறு வழிகளில் ஆற்றலைச் செலவழித்து உடலைச் சூடாக்கிக்கொண்டிருந்ததால், பருக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. எலியில் கண்ட எந்த வளர்சிதை மாற்ற முடிவைப் படித்தாலும், கூண்டின் வெப்பநிலை என்ன என்று முதலில் தேடிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

ஸ்பீகல்மனின் ஆய்வுகளில் அதிகப் புழுதியைக் கிளப்பியது ஐரிசின். உடற்பயிற்சியின்போது தசையில் உள்ள எஃப்என்டிசி-5 என்ற புரதத்திலிருந்து ஒரு துண்டு வெட்டப்பட்டு இரத்தத்தில் கலந்து, வெண்கொழுப்பைப் பெய்ஜ் வகையாக மாற்றுகிறது என்று 2012 தொடக்கத்தில் அவருடைய குழு அறிவித்தது. கிரேக்கத் தொன்மத்தில் தேவர்களின் தூதியான ஐரிஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 'உடற்பயிற்சி மாத்திரை' என்ற தலைப்புகள் உலகெங்கும் பறந்தன. அதற்கு எதிர்ப்பும் விரைவாகவே வந்தது. மனிதரில் இந்த மரபணுவின் தொடக்க எழுத்துகள் வழக்கமான முறையில் இல்லாததால் புரதமே மிகக் குறைவாகத்தான் உருவாகும் என்று சிலர் காட்டினர். சந்தையில் விற்ற சோதனைக் கருவிகளின் எதிர்ப்புரதங்கள் ஐரிசினை விட்டுவிட்டு வேறு புரதங்களை அடையாளம் காட்டுகின்றன என்று 2015இல் மற்றொரு குழு நிறுவியது. அதே ஆண்டு ஸ்பீகல்மன் குழு, எதிர்ப்புரதங்களைச் சாராத நிறை நிறமாலை முறையில் அளந்து, உடலுழைப்பு இல்லாதவர்களின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 3.6 நானோகிராமும், பயிற்சி செய்தவர்களிடம் 4.3 நானோகிராமும் இருப்பதாக வெளியிட்டது. ஐரிசின் இல்லாத ஒன்றன்று என்பதை இது உறுதிசெய்தது. ஆனால் பயிற்சியால் கூடும் அளவு, முதல் செய்திகள் மனத்தில் விதைத்த படத்தைவிட மிகச் சிறியது. இதற்கிடையில் நம்பத்தகாத கருவிகளைக் கொண்டு ஏராளமான கட்டுரைகள் எழுதப்பட்டுவிட்டன. அளவுகோலைச் சோதிக்காமல் அளக்கப் புறப்பட்டதன் விலை அது.

2015இல் வந்த இன்னொரு முடிவு இவ்வளவு ஆரவாரம் பெறவில்லை, ஆனால் கருத்தளவில் ஆழமானது. பெய்ஜ் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவை லாரன்ஸ் கசாக்கும் எட்வர்ட் சௌசானியும் ஸ்பீகல்மனோடு ஆராய்ந்தபோது, யுசிபி-1 இல்லாமலே வெப்பம் உண்டாக்கும் வழியொன்றைக் கண்டனர். ஏடிபியின் பாஸ்பேட்டைக் கிரியேட்டின் என்ற சிறு மூலக்கூறு வாங்கிக்கொள்கிறது. உடனே அது பறிக்கப்படுகிறது. மீண்டும் வாங்குகிறது, மீண்டும் பறிக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏடிபி செலவாகிறது, விளைவாக வெப்பத்தைத் தவிர வேறெதுவும் மிஞ்சுவதில்லை. இங்கே கலிங்கு திறக்கப்படவில்லை. மதகின் வழியாகவே நீர் பாய்ந்து, பயிரற்ற நிலத்துக்கு ஓயாமல் இறைக்கப்படுகிறது. யுசிபி-1 இல்லாத எலி குளிர் அறையில் எப்படித் தாக்குப்பிடித்தது என்ற பழைய புதிருக்கு இது ஒரு பகுதி விடை. விழலுக்கு இறைத்த நீர் என்று நாம் இகழும் வீண்செலவை, உடல் ஒரு தொழிலாகவே நடத்துகிறது.

இவையெல்லாம் மனிதருக்கு எவ்வளவு பயன்படும்? நோர்அட்ரினலினைப் போலவே பழுப்புச் செல்லைத் தூண்டவல்ல, சிறுநீர்ப்பை மருந்தான மிராபெக்ரானை 200 மில்லிகிராம் அளவில் 12 இளைஞர்களுக்கு ஒரு முறை கொடுத்தபோது, பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்தது, ஓய்வுநிலை ஆற்றல் செலவு நாளொன்றுக்குச் சுமார் 203 கிலோகலோரி என்ற வீதத்தில் கூடியது. ஒரு மணி நேரம் நிதானமாக நடப்பதற்கு ஏறத்தாழ இணையான செலவு அது. கூடவே நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறின. கூடிய செலவு முழுவதும் பழுப்புக் கொழுப்பால் வந்ததுதானா, இதயமும் பங்கு கொண்டதா என்ற ஐயம் அதனால் எழுந்தது. எலியின் உடலில் பழுப்புக் கொழுப்பு வகிக்கும் பங்கோடு ஒப்பிட்டால் மனிதரிடம் அதன் அளவு அற்பம். எடையைக் குறைக்கும் உலையாக அதை நம்புவதற்கு இதுவரை போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

வெண்கொழுப்பின் மைட்டோகாண்ட்ரியாக்கள் மீதான ஆய்வு, செய்திகளில் குறைவாகத் தென்பட்டாலும், நோயோடு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருக்கும் ஒத்த இரட்டையர்களைப் பின்லாந்தில் ஒப்பிட்டபோது, பருத்தவரின் கொழுப்புத் திசுவில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் அளவு குறைந்திருந்தது. பிறவி மரபணுக்கள் இருவருக்கும் ஒன்றே என்பதால் இந்தக் குறைவு பிறகு வந்தது. பயோகிளிட்டசோன் உட்கொண்ட நீரிழிவு நோயாளிகளின் தோலடிக் கொழுப்பில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகின. டெக்சாஸில் ஃபிலிப் ஷெரரின் குழு, மைட்டோநீட் என்ற மைட்டோகாண்ட்ரியாப் புரதத்தை எலியின் கொழுப்புச் செல்களில் கூட்டி, மைட்டோகாண்ட்ரியாவின் வேகத்தை மட்டுப்படுத்தியது. எலிகள் மிகவும் பருத்தன. ஆயினும் இன்சுலினுக்கு அவற்றின் உடல் நன்றாக இணங்கியது. மைட்டோகாண்ட்ரியா குறைவதுதான் செல்லைக் கெடுக்கிறதா, கெட்ட செல்லில் அது குறைகிறதா என்பதை இம்மூன்று முடிவுகளைக் கொண்டு மட்டும் தீர்க்க இயலாது.

ஸ்பீகல்மனிடம் பயின்ற பால் கோஹன், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு 52,487 பேரின் பெட்-சிடி படங்களை ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார். பழுப்புக் கொழுப்பு தென்பட்டவர்களில் 4.6 சதவீதத்தினருக்கு மட்டுமே இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது. தென்படாதவர்களில் அது 9.5 சதவீதம். உடற்பருமன் உள்ளவர்களுக்குள்ளும் இந்த வேறுபாடு காணப்பட்டது. எரிக்கும் கலோரிக் கணக்கு மட்டும் இதை விளக்கப் போதாது. எடை ஒத்திருக்கும்போதே நோய் வேறுபடுகிறது என்றால், பழுப்புக் கொழுப்பு இரத்தத்திலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, இரத்தத்துக்குள் எதைச் சுரக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. அடிப்சின் கண்டுபிடிக்கப்பட்டபோது வெண்கொழுப்பைப் பற்றி எழுந்த கேள்வி, இப்போது பழுப்புக் கொழுப்பை நோக்கிக் கேட்கப்படுகிறது. அதன் சுரப்புகளைப் பட்டியலிடும் வேலை பல ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது.